சூரியத் துகள்களை எண்ணிச் சூரியனின் வேதிக் கலவையைக் கணக்கிடும் முறை

சூரியனின் நிறமாலையில் நியானைத் தேடிப் பயனில்லை. அதன் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பான ஒளிக்கோளத்தின் வெப்பநிலை சுமார் 5,800 கெல்வின். நியான் அணுவைக் கிளர்த்திக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு கோடு போடவைக்க அந்தச் சூடு போதாது. ஆர்கானுக்கும் இதே நிலைதான். ஆகவே இந்தத் தனிமங்களின் அளவை அறிய வேறு வழி தேட வேண்டும். அதில் ஒன்று, சூரியனே நம் பக்கம் வீசியெறியும் அணுக்கருக்களைப் பிடித்து, இனம் பிரித்து, எண்ணுவது.

இந்த முறை புதிதல்ல. 1960 செப்டம்பர் 3 அன்று நடந்த சூரிய வெடிப்பின்போது கனடாவின் ஃபோர்ட் சர்ச்சிலிலிருந்து ஏவிய ஆய்வு ராக்கெட்டில் ஒளிப்படக் குழம்புத் தகடுகள் போயின. சூரியத் துகள்களில் ஹீலியத்தைவிடக் கனமான அணுக்கருக்கள் இருப்பதை முதலில் காட்டியவை அந்தத் தகடுகள்தான். அதே ஆண்டு நவம்பர் 12 நிகழ்வை அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபிக்டெல், கஸ் இருவருடன் சேர்ந்து அலசியவர் சுகுமார் பிஸ்வாஸ். பின்னாளில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் இந்தத் துறையை வளர்த்தவர் அவர். இன்று தகடும் நுண்ணோக்கியும் தேவையில்லை. ஒரு மடிக்கணினி, பைத்தான், பொதுவில் கிடைக்கும் விண்கலத் தரவு ஆகியவை போதும்.

ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வைக்க வேண்டும். பூமிக்கு அருகே நாம் எண்ணும் துகள்கள் சூரியனின் நேரடி மாதிரி அல்ல. ஒளிக்கோளத்திலிருந்து சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவுக்கு ஏறும்போது ஒரு முறை, அதிர்ச்சி அலையில் முடுக்கப்படும்போது ஒரு முறை, கோளிடைக் காந்தப்புலத்தில் அலைந்து வரும்போது இன்னொரு முறை என்று அவற்றின் விகிதங்கள் மாறியிருக்கின்றன. எண்ணுவது எளிது. இந்த மாற்றங்களைப் பின்னோக்கிக் கழற்றுவதுதான் வேலை. கழற்றும் வரிசையும் முக்கியம்: கடைசியாக நடந்ததை முதலில் நீக்க வேண்டும்.

எந்தத் தரவு

ஏஸ் விண்கலத்தில் உள்ள எஸ்ஐஎஸ் என்ற கருவியின் தரவு தொடங்குவதற்கு ஏற்றது. 1997 ஆகஸ்ட் 25 அன்று ஏவப்பட்ட ஏஸ், பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள எல்1 புள்ளியைச் சுற்றுகிறது. கலிஃபோர்னியா தொழில்நுட்ப நிறுவனமான கால்டெக்கில் உள்ள ஏஸ் அறிவியல் மையம் இரண்டாம் நிலைத் தரவை, அதாவது அளவுத்திருத்தம் முடிந்த தரவை, இலவசமாகத் தருகிறது. ஹீலியம் முதல் நிக்கல் வரை முக்கியத் தனிமங்கள் ஒவ்வொன்றுக்கும் எட்டு ஆற்றல் பட்டைகளில் மணி சராசரி, நாள் சராசரிப் பாயங்கள் அதில் இருக்கும் (பாயம் என்பது குறிப்பிட்ட பரப்பை ஒரு நொடியில் கடக்கும் துகள்களின் அளவு). எஸ்ஐஎஸ் அளக்கும் வீச்சு, ஒரு நியூக்ளியானுக்கு (அணுக்கருவில் உள்ள ஒரு புரோட்டான் அல்லது நியூட்ரான்) சுமார் 10 முதல் 100 மெகா எலெக்ட்ரான் வோல்ட். இந்த அலகை இனி மெஎவோ/நி என்று சுருக்கி எழுதுகிறோம். இதைவிடக் குறைந்த ஆற்றலுக்கு, 1994 நவம்பரில் ஏவிய விண்ட் விண்கலத்தின் லெம்ட் கருவி பொருந்தும். அதன் வீச்சு ஏறத்தாழ 2 முதல் 20 மெஎவோ/நி.

ஆதித்யா-எல்1 கலத்தின் ஆஸ்பெக்ஸ் தொகுப்பில் உள்ள ஸ்டெப்ஸ் கருவியும் இதே எல்1 பகுதியில் சூரியத் துகள்களை அளக்கிறது. ஆனால் அதன் மேல் எல்லை 5 மெஎவோ/நி. கனமான தனிமங்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பது அதன் நோக்கமும் அல்ல. நிகழ்வு எப்போது தொடங்கியது, அதிர்ச்சி அலை எப்போது கடந்தது என்று பார்க்க அதைப் பயன்படுத்தலாம். கலவைக்கு ஏஸ், விண்ட் பக்கமே போகவும்.

தரவுக் கோப்பைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, −999.9 என்று பதிவான இடங்களை வெற்றாக்குவது. அவை அளவீடுகள் அல்ல. தரவு இல்லை என்பதற்கான குறி. இதை மறந்து சராசரி எடுத்தால் எதிர்மறைப் பாயம் வரும். அப்படி வந்தால் பிழை உடனே கண்ணில் படும். 

கருவி எப்படி இனம் பிரிக்கிறது

இது தெரியாமல் தரவைக் கையாண்டால் எங்கே தவறு நேரும் என்பது புரியாது. கருவி என்பது அடுக்கி வைத்த சிலிக்கான் தகடுகள். உள்ளே வரும் அயனி முதல் தகட்டில் கொஞ்சம் ஆற்றலை இழந்து, பின்னால் உள்ள தகட்டில் நின்றுவிடுகிறது. இழந்த ஆற்றல், எச்ச ஆற்றல் இரண்டும் அளக்கப்படுகின்றன. ஒரே ஆற்றலில் அணு எண் கூடிய அயனி முன்தகட்டில் அதிகம் இழக்கும். சிலிக்கானில் அயனி ஓடும் தூரம், அதன் ஒரு நியூக்ளியான் ஆற்றலின் 1.77 ஆம் அடுக்குக்கு ஏறத்தாழ நேர்விகிதம் என்று கொண்டால் இப்படி எழுதலாம்:

அணு எண்² × நிறை^0.77 = மாறிலி × (மொத்த ஆற்றல்^1.77 − எச்ச ஆற்றல்^1.77) ÷ கடந்த கனம்

கடைசியில் உள்ள 'கடந்த கனம்' கவனிக்க வேண்டியது. அயனி சாய்வாக நுழைந்தால் அது கடக்கும் கனம், தகட்டின் கனத்தைச் சாய்கோணத்தின் கொசைனால் வகுத்தது. 25 பாகை சாய்வில் இது 10 சதவீதம் கூடுதல். திருத்தாமல் விட்டால் அணு எண் 3.6 சதவீதம் கூடுதலாகத் தெரியும். இரும்பின் 26 இல் அது கிட்டத்தட்ட 0.9. அதாவது இரும்பு கோபால்ட் ஆகிவிடும். எஸ்ஐஎஸ் கருவியின் முன்பக்கத்தில் இடம் காட்டும் பட்டைத் தகடுகள் வைத்திருப்பது இந்தச் சாய்வை ஒவ்வோர் அயனிக்கும் தனித்தனியாக அளக்கத்தான். இரண்டாம் நிலைத் தரவில் இந்தத் திருத்தம் ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கும். மூலத் துடிப்புத் தரவை எடுத்தால் நீங்களே செய்ய வேண்டும்.

ஆற்றல் பட்டைகள் தனிமத்துக்குத் தனிமம் மாறுவதற்கான காரணமும் இதே இயற்பியல்தான். 10 மெகா எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டான் சிலிக்கானில் சுமார் 0.7 மி.மீ. ஓடும். அதே வேகத்தில் வரும் ஆக்சிஜன் 0.18 மி.மீ. அளவில் நின்றுவிடும். இரும்பு தோராயமாக அதில் மூன்றில் ஒரு பங்குதான் போகும். ஆகவே ஒரே தகட்டைக் கடக்க இரும்புக்கு ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றல் வேண்டும். 'மூன்றாவது பட்டை ஆக்சிஜன்' என்பதும் 'மூன்றாவது பட்டை இரும்பு' என்பதும் வெவ்வேறு வேகங்கள். இரண்டையும் நேராக வகுத்து இரும்பு/ஆக்சிஜன் விகிதம் என்று எழுதுவது, புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளில் மிகப் பொதுவானது.

நிகழ்வைத் தேர்ந்தெடுத்தல்

சூரியத் துகள் நிகழ்வுகளில் இரண்டு வகை உண்டு. சில மணி நேரமே நீடிக்கும் திடீர் நிகழ்வுகள் சிறு தழல்களோடும் ஜெட்களோடும் தொடர்புடையவை. இவற்றில் ஹீலியம்-3, வழக்கமான விகிதத்தைப்போல ஆயிரம், பத்தாயிரம் மடங்குகூடப் பெருகியிருக்கும். இரும்பும் அதைவிடக் கனமானவையும் பலமடங்கு ஏறியிருக்கும். சூரியனின் கலவையை அறிய இவை உதவாது, ஒதுக்கிவிடுங்கள். வேண்டியது படிப்படி நிகழ்வுகள். பெரிய கொரோனா நிறை வெளியேற்றம் தள்ளிவரும் அதிர்ச்சி அலையில் பிறந்து, இரண்டு முதல் ஐந்து நாள் வரை நீடிப்பவை இவை.

பிரித்தறிய எளிய வடிகட்டி: 3 முதல் 5 மெஎவோ/நி வரம்பில் நிகழ்வு முழுவதற்குமான இரும்பு/ஆக்சிஜன் விகிதத்தைப் பாருங்கள். படிப்படி நிகழ்வுகளின் சராசரி 0.13 அருகில் உள்ளது. விகிதம் அதைப்போல நான்கு மடங்கைத் தாண்டினால் திடீர் வகை என்றே கொள்ளலாம். இரண்டு மடங்கு அளவில் நின்றால் சந்தேகத்துக்குரியது. முந்தைய திடீர் நிகழ்வுகளின் மிச்சத்தை அதிர்ச்சி அலை மறுபடி முடுக்கியிருக்கக்கூடும். சூரியத் துகள் ஆய்வாளர் டோனால்ட் ரீம்ஸ் விண்ட் தரவில் செய்த மூல வெப்பநிலை (துகள்கள் புறப்பட்ட பிளாஸ்மாவின் வெப்பநிலை) ஆய்வில், படிப்படி நிகழ்வுகளில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு இப்படி 25 முதல் 32 லட்சம் கெல்வின் மூலத்தைக் காட்டின. பெரும்பாலானவை 16 லட்சத்துக்கும் கீழே இருந்தன. கலவைக்கு இந்தக் குளிர்ந்த கூட்டத்தை எடுங்கள்.

பெரிது என்பதாலேயே ஒரு நிகழ்வு நல்லதாகிவிடாது. 2000 ஜூலை 14, 2003 அக்டோபர் 28 போன்றவற்றில் புரோட்டான் வெள்ளம் கருவியைத் திணறடித்தது. துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இனம் குழம்பும். கருவி செயலற்றிருக்கும் நேரமும் கூடும். உச்ச மணிநேரங்களைத் தவிர்த்து ஏறுமுகத்தையும் இறங்குமுகத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. அது வேறொரு பிழைக்குக் கொண்டுபோகும். அடுத்த பகுதியில் வருகிறது. எங்கள் பரிந்துரை, நடுத்தர அளவு நிகழ்வுகள் பத்துக்குக் குறையாமல். ஒரே ஒரு மாபெரும் நிகழ்வைவிட அவை நம்பத்தக்க விடை தரும்.

கூட்டுவது எப்படி

நிகழ்வு தொடங்கும் முதல் சில மணி நேரத்தில் இரும்பு/ஆக்சிஜன் விகிதம் உயர்ந்திருக்கும். பிறகு மெல்லச் சரியும். நிறைக்கு ஏற்ற மின்சுமை இரும்புக்குக் குறைவு. அதனால் காந்தப்புல அலைகளில் அது குறைவாகச் சிதறி, ஆக்சிஜனை முந்தி வந்து சேர்கிறது. முன்னால் வந்த இரும்பு பின்னால் குறைந்துபோகும். முழு நிகழ்வையும் சேர்த்தால் பெருமளவு ஈடாகிவிடும். ஆகவே முதல் நாளை மட்டும் எடுத்தால் இரும்பு கூடும். முதல் நாளை விட்டால் குறையும். தொடக்கம் முதல் பாயம் பின்னணிக்குத் திரும்பும் வரை எல்லா மணி நேரமும் வேண்டும்.

ஒவ்வொரு மணி நேரத்தின் விகிதத்தையும் கணக்கிட்டுப் பிறகு சராசரி எடுக்காதீர்கள். பாயம் × நேரம் என்று ஒவ்வொரு தனிமத்துக்கும் தனியாகக் கூட்டி, இறுதியில் ஒரே ஒரு முறை வகுக்கவும். இல்லாவிட்டால் ஐந்தே ஐந்து ஆக்சிஜன் விழுந்த அமைதியான மணி நேரமும், ஐயாயிரம் விழுந்த உச்ச மணி நேரமும் சம எடை பெறும்.

கூட்டும் முன் பின்னணியைக் கழிக்க வேண்டும். நிகழ்வுக்கு முந்தைய இரண்டு, மூன்று அமைதி நாட்களின் சராசரியை எடுங்கள். சூரியன் அடங்கியிருக்கும் ஆண்டுகளில் இங்கே ஒரு தந்திரமான எதிரி உண்டு: பிறழ்வு அண்டக்கதிர்கள். விண்மீன்களுக்கு இடையிலிருந்து சூரிய மண்டலத்துக்குள் வந்த நடுநிலை அணுக்கள், அயனியாகி முடுக்கப்பட்டவை இவை. இவற்றில் ஆக்சிஜன், நைட்ரஜன், நியான், ஹீலியம் நிறைய; கார்பன், மெக்னீசியம், சிலிக்கான், இரும்பு மிகக் குறைவு. கழிக்காமல் விட்டால் ஆக்சிஜன் வீங்கி மற்ற எல்லாம் இளைத்துத் தெரியும். அமைதி நாட்களில் கார்பன்/ஆக்சிஜன் விகிதம் 0.4 ஐவிட மிகக் கீழே போனால் இவைதான் காரணம் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒரே வேகத்துக்குக் கொண்டுவருதல்

இப்போது ஒவ்வொரு தனிமத்துக்கும் எட்டு பட்டைகளில் மொத்தப் பாயம் கையில் இருக்கிறது. எல்லாவற்றையும் பொதுவான ஓர் ஆற்றலுக்கு, எடுத்துக்காட்டாக 15 மெஎவோ/நி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பட்டையின் நடுப்புள்ளியாக இரு எல்லைகளின் பெருக்கல் சராசரியை எடுங்கள். கூட்டல் சராசரி வேண்டாம். இடைச்செருகலை மடக்கை அளவில் செய்யுங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. இரும்பின் இரண்டு பட்டை நடுப்புள்ளிகள் 12.8, 20.4 என்றும் பாயங்கள் 4.0 × 10⁻⁴, 1.1 × 10⁻⁴ என்றும் வைத்துக்கொள்வோம். மடக்கைச் சரிவு −2.77. அதைக் கொண்டு 15 இல் வரும் மதிப்பு 2.58 × 10⁻⁴. நேர்கோட்டு இடைச்செருகல் செய்தால் 3.16 × 10⁻⁴ வரும், அதாவது 22 சதவீதம் கூடுதல். நாம் தேடும் விளைவுகளே இரண்டு மடங்கு அளவுதான் என்பதால் 22 சதவீதத்தை இங்கே கோட்டைவிட முடியாது.

ஆற்றல் கூடக்கூட நிறமாலை வளைந்து சரியும். எங்கே வளையும் என்பது தனிமத்தின் மின்சுமை/நிறையைப் பொறுத்தது. இதனால் 40, 50 மெஎவோ/நி பக்கம் இரும்பு/ஆக்சிஜன் ஒரு நிகழ்வில் பத்து மடங்கு ஏறும், இன்னொன்றில் பத்து மடங்கு இறங்கும். அதிர்ச்சி அலை காந்தப்புலத்தை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது, எந்தப் பழைய அயனிகளைப் பொறுக்கிக்கொள்கிறது என்பதைப் பொறுத்த விஷயம் அது. முடுக்கத்தை ஆராய்பவர்களுக்கு அது பொக்கிஷம். கலவை தேடுபவர்கள் 20க்குக் கீழேயே இருக்கட்டும்.

அருகில் உள்ளவை கசிந்தால்

அளவில் சிறிய தனிமங்களின் எண்ணிக்கையை நம்பும் முன் ஒரு சோதனை: ஃப்ளூரின் இடத்தைப் பாருங்கள். சூரியனில் ஃப்ளூரின் ஆக்சிஜனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அணு எண் 9 இன் இடத்தில் எண்ணிக்கை விழுந்தால் அது பெரும்பாலும் 8, 10 இரண்டின் கசிவு. அந்தக் கசிவு வீதத்தை வைத்து, நியானுக்கும் மெக்னீசியத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட சோடியத்தையும், மெக்னீசியத்துக்கும் சிலிக்கானுக்கும் நடுவே உள்ள அலுமினியத்தையும் திருத்தலாம். நிக்கலுக்கு இரும்பின் வால்தான் தொல்லை. இரும்பு அதைப்போல இருபது மடங்கு என்பதால் ஒரு சதவீதக் கசிவுகூட நிக்கலை ஐந்தில் ஒரு பங்கு உயர்த்திவிடும்.

எண்ணிக்கைப் பிழை எளிது. 400 இரும்பும் 3,000 ஆக்சிஜனும் இருந்தால் விகிதத்தின் பிழை √(1/400 + 1/3000), அதாவது 5.3 சதவீதம்.

மின்சுமைத் திருத்தம்

இதுதான் வேலையின் மையம். கால்டெக்கில் ப்ரெனமனும் எட்வர்ட் ஸ்டோனும் வாயேஜர் தரவைக் கொண்டு 1985 இல் காட்டியது இது: ஒரு நிகழ்வில் தனிமங்கள் கூடுவதும் குறைவதும் அவற்றின் மின்சுமை/நிறை விகிதத்தின் ஏதோ ஓர் அடுக்கைப் பின்பற்றுகிறது. அடுக்கு எண் நிகழ்வுக்கு நிகழ்வு மாறும். சில நேரம் அதன் குறியே மாறும்.

இந்த அடுக்கைக் கண்டுபிடிக்க, ஒளிக்கோளத்திலிருந்து கொரோனாவுக்கு ஏறும்போது ஒரே மாதிரி நடத்தப்படும் தனிமங்களை எடுக்க வேண்டும். முதல் அயனியாக்க ஆற்றல் (நடுநிலை அணுவிலிருந்து முதல் எலெக்ட்ரானைப் பறிக்கத் தேவையான ஆற்றல்) குறைந்த மெக்னீசியம், சிலிக்கான், இரும்பு, கால்சியம், நிக்கல் அப்படிப்பட்டவை. இவற்றின் ஒளிக்கோள விகிதங்கள் விண்கல் அளவீடுகளோடும் ஒத்துப்போவதால் உறுதியானவை. மின்சுமை மதிப்புகளுக்கு லூன் குழுவினர் 1980களில் நேரடியாக அளந்தவற்றைச் சற்று முழுமையாக்கி எடுப்போம்: ஆக்சிஜன் 7.0, நியான் 9.05, மெக்னீசியம் 10.7, சிலிக்கான் 11.0, இரும்பு 14.9. நிறையால் வகுத்தால் முறையே 0.438, 0.448, 0.440, 0.391, 0.267.

மறுபடி ஒரு கற்பனை நிகழ்வு. அளந்த இரும்பு/சிலிக்கான் 0.50. ஒளிக்கோளத்தில் 0.98. இரண்டின் விகிதம் 0.51, அதன் இயல் மடக்கை −0.67. மின்சுமை/நிறை விகிதங்களின் விகிதம் 0.267/0.391, அதன் மடக்கை −0.38. வகுத்தால் அடுக்கு 1.76.

உடனே நம்பிவிடாதீர்கள்; மூன்றாவது தனிமத்தில் சோதியுங்கள். மெக்னீசியம்/சிலிக்கானுக்கான திருத்தக் காரணி (0.440/0.391)^1.76 = 1.23. அளந்தது 1.50 என்றால் திருத்தியது 1.22. ஒளிக்கோள மதிப்பு 1.23. பொருந்துகிறது. பொருந்தாமல் 20, 30 சதவீதம் விலகினால் இரண்டு காரணங்களில் ஒன்று: எடுத்துக்கொண்ட மின்சுமைகள் இந்த நிகழ்வுக்குச் செல்லாது, அல்லது திடீர் நிகழ்வுகளின் மிச்சம் கலந்திருக்கிறது. எப்படியானாலும் அந்த நிகழ்வை விட்டுவிடுவது நல்லது.

பொருந்தினால் மற்றவற்றுக்கும் அதே அடுக்கு. ஆக்சிஜன்/சிலிக்கான் காரணி 1.22; அளந்தது 8.1 என்றால் திருத்தியது 6.6. நியான்/ஆக்சிஜன் காரணி 1.04 மட்டுமே; 0.163 என்று அளந்தது 0.156 ஆகும். நியானின் தனிச்சிறப்பு இங்கேதான். அதன் மின்சுமை/நிறை ஆக்சிஜனுடையதை ஒட்டியே இருப்பதால் திருத்தம் சிறியது; அதனால் விடை உறுதியானது.

மின்சுமையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது நிகழ்வுக்கு நிகழ்வு மாறும், சிலவற்றில் ஆற்றலோடும் கூடும். திடீர் நிகழ்வுகளில் இரும்பின் மின்சுமை 20ஐ ஒட்டி வரும். பூமியின் காந்தப்புலத்தையே வடிகட்டியாகப் பயன்படுத்தி, 1992 அக்டோபர், நவம்பர் நிகழ்வுகளில் சாம்பெக்ஸ் செயற்கைக்கோள் பத்துகளின் மெஎவோ/நி ஆற்றலிலும் இரும்பு சுமார் 15 என்றே கண்டது. ஆனால் எல்லா நிகழ்வும் அப்படியல்ல.

மின்சுமை அளவீடு கிடைக்காத நிகழ்வுக்கு ஒரு மாற்று வழி உண்டு. 8 லட்சம் முதல் 40 லட்சம் கெல்வின் வரை ஒவ்வொரு வெப்பநிலைக்கும் அயனியாக்கச் சமநிலை அட்டவணையிலிருந்து மின்சுமைகளை எடுத்து, எந்த வெப்பநிலையில், தனிமங்களின் ஏற்ற இறக்கத்தை மின்சுமை/நிறைக்கு எதிரே மடக்கை அளவில் குறித்த புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் மிக நன்றாகப் படிகின்றன என்று தேடலாம். ஆனால் இந்த முறைக்கு ஒப்பீட்டுக் கலவை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதில் கிடைப்பது வெப்பநிலைதான். அதே தரவிலிருந்து கலவையையும் எடுத்தேன் என்று சொன்னால் சுற்றிச் சுற்றி வாதிடுவதாகும்.

பல நிகழ்வுகளைச் சேர்த்தல்

ஒவ்வொரு நிகழ்வின் திருத்திய விகிதத்துக்கும் மடக்கை எடுத்து, மடக்கைகளைச் சராசரியாக்கி, திரும்ப மாற்றுங்கள். இறுதிப் பிழையாக எண்ணிக்கைப் பிழையைப் போடக் கூடாது. நிகழ்வுகளுக்கு இடையிலான சிதறலைப் போட வேண்டும். அதுதான் பெரிது.

சரியாகச் செய்தால், ரீம்ஸ் தொகுத்த படிப்படி நிகழ்வுச் சராசரிகளுக்கு அருகில் வருவீர்கள். ஆக்சிஜனை 1000 என்று வைத்து, ஆஸ்ப்ளண்ட் குழுவின் 2009 ஒளிக்கோள அட்டவணையோடு ஒப்பிட்டால்:

சோடியம்: துகள் 10.4, ஒளிக்கோளம் 3.5, மடங்கு 2.9
அலுமினியம்: 15.7, 5.8, 2.7
கால்சியம்: 11, 4.5, 2.4
மெக்னீசியம்: 178, 81, 2.2
இரும்பு: 131, 65, 2.0
சிலிக்கான்: 151, 66, 2.3
கந்தகம்: 25, 27, 0.93
கார்பன்: 420, 550, 0.76
நைட்ரஜன்: 128, 138, 0.93
ஆர்கான்: 4.3, 5.1, 0.84
நியான்: 157, 174, 0.90

அயனியாக்க ஆற்றலின் ஏறுவரிசையில் எழுதியிருக்கிறோம். சிலிக்கானுக்கும் கந்தகத்துக்கும் நடுவே, ஏறத்தாழ 10 எலெக்ட்ரான் வோல்ட்டில், ஒரு படி இருப்பது தெரியும். ஒளிக்கோளத்துக்கு மேலே உள்ள வண்ணக்கோளத்தில் எளிதில் அயனியாகும் தனிமங்கள் மின்சுமை பெற்று, காந்தப்புலக் கோடுகள் வழியே பரவும் ஆல்ஃப்வென் அலைகளின் விசையால் மேலே இழுக்கப்படுகின்றன. நடுநிலை அணுக்களாகவே நிற்பவற்றை அந்த விசை தொடாது. கந்தகம் இங்கே நைட்ரஜன் கூட்டத்தோடு நிற்கிறது. மெதுவான சூரியக் காற்றில் அது உயர்ந்த கூட்டத்துக்குப் போய்விடும். துகள்களும் சூரியக் காற்றும் கொரோனாவின் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை என்பதற்கு நல்ல சான்று இதுதான். சூரியக் காற்றின் திருத்தக் காரணிகளைத் துகள் தரவில் பயன்படுத்துவது ஏன் தவறு என்பதற்கும் இதுவே பதில்.

ஒளிக்கோளத்துக்குத் திரும்புதல்

இனி ஒளிக்கோளக் கலவை வேண்டுமானால் படிக்கு இரு பக்கமும் உள்ள தனிமங்களைக் கலந்து வகுக்கக் கூடாது. நியானை ஆக்சிஜனோடும், ஆர்கானை நியானோடும், கால்சியத்தைச் சிலிக்கானோடும் ஒப்பிடுங்கள். படியின் ஒரே பக்கத்தில் இருப்பதால் அந்த ஏற்றம் அடிபட்டுப்போகும். இப்படிக் கிடைக்கும் நியான்/ஆக்சிஜன் 0.157. இந்த ஓர் எண்ணுக்குப் பின்னால் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. ஒளிக்கோள ஆக்சிஜனின் அளவு திருத்தப்பட்டுக் குறைந்தபோது சூரியனின் அதிர்வுகளைக் கொண்டு அதன் உட்புறத்தை அறியும் சூரிய அதிர்வு அளவீடுகளோடு உட்புற மாதிரிகள் ஒத்துப்போகவில்லை. அருகிலுள்ள விண்மீன்களின் எக்ஸ் கதிர்களை வைத்து ட்ரேக்கும் டெஸ்டாவும் 2005 இல் 0.41 என்று முன்வைத்தார்கள். அவ்வளவு நியான் இருந்தால் இடைவெளி அடைபடும். துகள் அளவீடுகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பின்னர் ஆஸ்ப்ளண்ட் குழுவின் 2021 அட்டவணை நியானைச் சற்று உயர்த்தியது, விகிதம் 0.23 அளவுக்கு வந்தது. துகள் மதிப்பு இன்னும் அதற்குக் கீழேதான் நிற்கிறது.

எந்த அட்டவணையோடு ஒப்பிட்டீர்கள் என்பதை விடையோடு எப்போதும் எழுதுங்கள். காஃபோ குழுவின் 2011 மதிப்புகளில் ஆக்சிஜன் கூடுதல். அதை எடுத்தால் இரும்பின் மடங்கு 2.0 இலிருந்து 2.3 ஆகிவிடும், உங்கள் தரவில் ஓர் எண்கூட மாறாமலே.

ஐசோடோப்புகளுக்கும் இதே திருத்தம் பொருந்தும், ஆனால் இன்னும் கடுமையாக. நியான்-22, நியான்-20 இரண்டுக்கும் மின்சுமை ஒன்றே, நிறை வேறு. ஆகவே மேலே கண்ட அடுக்கு அப்படியே விகிதத்தைத் திரிக்கும். ஒரே நிகழ்வில் சோடியம்/மெக்னீசியம் கூடினால் நியான்-22 பங்கும் கூடுவதை ஏஸ் தரவில் காணலாம். அந்தத் தொடர்பைக் கோடாக வரைந்து, திரிபு இல்லாத புள்ளிக்குப் பின்னோக்கி நீட்டிப் படிக்க வேண்டும். சரிபார்க்க ஓர் அளவுகோல் இருக்கிறது: சூரியக் காற்றைத் தகடுகளில் சேகரித்த ஜெனிசிஸ் கலம் 2004 செப்டம்பரில் யூட்டா பாலைவனத்தில் மோதி விழுந்தது. உடைந்த தகடுகளிலிருந்தே நியான்-20/நியான்-22 விகிதம் 13.8 என்று துல்லியமாக எடுக்கப்பட்டது.

ஹீலியத்தை இந்த வழியில் தேட வேண்டாம். அயனியாக்க ஆற்றல் 24.6 எலெக்ட்ரான் வோல்ட் என்பதால் அது மேலேறுவதிலேயே பின்தங்குகிறது. ரீம்ஸின் முதல் தொகுப்பில் ஹீலியம்/ஆக்சிஜன் 57. சூரியனின் வெளியடுக்குக்கான மதிப்பு 170ஐ ஒட்டியது. நிகழ்வுக்கு நிகழ்வு சிதறலும் அதிகம். சூரியனின் ஹீலியத்துக்கு அதிர்வு அளவீடுகளையே நம்புங்கள். ஹைட்ரஜனை வைத்தும் எதையும் வகுக்க வேண்டாம். அதன் மின்சுமை/நிறை 1 என்பதால் மற்ற எல்லாவற்றிலிருந்தும் வெகுதூரம் தள்ளி நிற்கிறது, பெரும்பாலும் வேறு கருவியில் அளக்கப்படுகிறது. ஆக்சிஜனும் சிலிக்கானும் அடிப்படையாக இருக்கட்டும்.